கட்டைக்கு அப்பால் ஓர் அறை

கட்டாரில் பிறத்தியாருக்கு வீடு கட்டியது போதும் என்று திரும்பி வந்தவன் பெனடிக்ற். வந்த நாள் தொட்டு அவன் வாயில் வேறு கதை இல்லை. வெள்ளாங்குளத்துக்கு இப்பால், கடலைப் பார்த்தபடி கிடந்த மனைவியின் சீதனக் காணியில் ஒரு பங்களா எழுப்ப வேண்டும். முன்னால் அகன்ற விறாந்தை, பக்கத்தில் வாகனம் விடப் போட்டிக்கோ, நடுவில் பெரிய ஹோல், கடல் பக்கமாக மகளுக்கு ஓர் அறை. மகள் பெற்றிசியா மன்னாரில் கன்னியர் மட விடுதியில் நின்று படித்தாள். சண்டைக் காலம் முழுக்கத் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே தாயோடு ஒண்டிக் கிடந்த பிள்ளைக்கு யன்னல் வைத்த ஓர் அறை கொடுக்கவேண்டும் என்பதில் அவன் வெறியாகவே நின்றான். அந்த வருடங்களில் தான் அங்கே இல்லாமல் போனது அவனை உறுத்திக்கொண்டிருந்தது என்பது மதலேனாவுக்குத் தெரியும். அதனால் அவன் கீறி வைத்திருந்த வீட்டுப் படத்தில் அவள் சமைக்கும் குசினி இருட்டு மூலைக்குத் தள்ளப்பட்டிருந்ததைக்கூட அவள் ஒருமுறைக்கு மேல் சொல்லிக் காட்டவில்லை.

அவளுக்கு வேலை மிதிவெடி அகற்றுவது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் அந்த வேலைக்குத்தான் போனார்கள். கனத்த அங்கியும் முகமறைப்பும் போட்டுக்கொண்டு, வெயிலில் முழங்காலில் இருந்து, சாண் சாணாக மண்ணைத் துழாவுகிற வேலை. பெனடிக்ற்றுக்கு அது பிடிக்கவில்லை. வீடு முடிந்ததும் அவள் வேலையை விட வேண்டும் என்பது அவன் போட்டிருந்த கணக்கு. இருவரும் அடம்பனில் வாடகை வீட்டில் இருந்தார்கள். காணிப் பக்கம் அவள் வருவது அபூர்வம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இருவரும் காணிக்கு வந்தார்கள். மறுநாள் கொத்து வேலை செய்யும் சனூன் மேசன் ஆட்களோடு வந்து அத்திவாரம் வெட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் அறைகளின் அளவை நிலத்தில் குறித்து முளை அடித்துவிட வேண்டும்.

காணியின் றோட்டுப் பக்கத்தைத்தான் வெடி எடுத்துத் துப்புரவாக்கிக் கொடுத்திருந்தார்கள். கடற்பக்கம் இன்னும் பார்க்கப்படவில்லை. இரண்டுக்கும் நடுவே சிவப்பும் வெள்ளையும் அடித்த கட்டைகள் வரிசையாக நின்றன. வெள்ளைப் பக்கம் நடக்கலாம், சிவப்புப் பக்கம் கால் வைக்கக்கூடாது. அது அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

மதலேனா கட்டைகளைப் பார்த்தாள். ஏதோ உறுத்தியது.

"இஞ்சேருங்கோ, உங்கட படத்தில இருக்கிற அகலம் காணிக்குள்ள வருமே? போன வருசம் நான் வந்து பாக்கேக்க இவ்வளவு இடம் இருந்த மாதிரித் தெரியேல்ல."

"வரும். நான் அளந்து பாத்தனான்," என்றான் பெனடிக்ற், அவள் முகத்தைப் பாராமல். "நீ ரேப்பைப் பிடி."

அவள் அளவு நாடாவின் சுருளைப் பிடித்துக்கொண்டு முள்ளு உடை மரத்தடியில் நின்றாள். அவன் நுனியை இழுத்தபடி, அவளைப் பார்த்துக்கொண்டே பின்புறமாக நடந்தான்.

"இது ஹோல்... இதில கதவு... இது எங்கட அறை..."

சோளகக் காற்று உரத்து வீசியது. மணல் அவன் கால்களைச் சுற்றி ஓடியது. நாடா காற்றில் அதிர்ந்தது. அதைத் தரையோடு அமர்த்தலாம் என்று மதலேனா குனிந்தாள். அப்போதுதான் காலடியில் அந்தக் குழியைக் கண்டாள். சதுரமான சின்னக் குழி. பாதிக்கு மணல் மூடியிருந்தது. விளிம்பில் சிவப்புப் பூச்சின் ஒரு செதில்.

கொஞ்சம் தள்ளி அதே நேரில் இன்னொரு குழி. அதற்கு அங்கால் இன்னொன்று.

கட்டைகள் முன்பு நின்ற இடம் இது. நிமிர்ந்தாள். பெனடிக்ற் நாடாவை இழுத்துக்கொண்டு அந்த வரிசையைத் தாண்டிப் பல எட்டு போய்விட்டிருந்தான். கட்டைகள் அவனுக்கும் பின்னால் நின்றன.

"நில்லுங்கோ!"

"ஏன்? இன்னும் பிள்ளையின்ர அறை கிடக்கு."

"அப்பிடியே நில்லுங்கோ. காலைத் தூக்காதேங்கோ."

அவள் கத்தவில்லை. அந்தக் குரலை அவன் முன்னே பின்னே கேட்டதில்லை. நாடாவின் நுனியைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

"கட்டை மாறி நிக்குது," என்றாள். "நீங்கள் நிக்கிற இடம் பாக்காத நிலம்."

அவன் முகம் வெளிறிப்போனது இவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.

மதலேனா முழங்காலில் இருந்து நிலத்தைப் பார்த்தாள். அவன் வந்த அடிகள் மணலில் தெரிந்தன. ஆனால் காற்று அவற்றின் விளிம்பைத் தின்றுகொண்டிருந்தது. கிட்ட இருந்தவை மழுங்கத் தொடங்கிவிட்டன. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

"கவனமாக் கேளுங்கோ. முன்னால உங்கட அடி தெரியுதுதானே? கடைசியா வைச்ச அடி. அதுக்குள்ளயே காலை வையுங்கோ. வெளியில ஒரு விரலும் படக்கூடாது."

அவன் கால் அந்த அடியைத் தேடியது. மெல்லத் தூக்கி வைத்தான்.

"சரி. மற்றக் கால். அவசரப்படாதேங்கோ."

அதையும் வைத்தான். அடுத்த அடிக்காக அவன் பாதம் எழும்பிய நேரம் மதலேனாவின் கண் அந்த இடத்தில் போய் நின்றது. பின்புறமாக வந்தபோது அவன் குதிக்கால் வழுக்கி மணலைக் கீறிவிட்டிருந்தது. கீறலின் ஓரத்தை ஒட்டி, சப்பாத்துப் பொலிஷ் டப்பாவின் விளிம்பைப்போல ஏதோ ஒன்று மண்ணிறமாக எட்டிப் பார்த்தது. பொலிஷ் டப்பாவாகவே இருந்துவிடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். மிதிவெடியின் தலையில் இருக்கும் வரிகளை அதில் கண்டதும் அந்த ஆசை செத்தது.

"வேண்டாம். காலைத் திரும்ப அதே அடியில வையுங்கோ. மெல்ல... மெல்ல... ஓம். இனி அசைய வேண்டாம்."

"என்ன? என்னத்தைக் கண்டனி?"

"நான் சொல்லுமட்டும் நில்லுங்கோ."

அவன் குனிந்து பார்த்தான். அவனும் கண்டுவிட்டான். "மடு மாதாவே," என்று அவன் வாய் முணுமுணுத்ததைக் காற்று கொண்டுவந்தது.

அவள் போனை எடுத்தாள். கைகள் சொன்னதைக் கேட்டன, அதுவே அவளுக்கு ஆச்சரியம். அவளுடைய குழுவின் பொறுப்பாளர் இந்திராதேவி அடம்பனில் வீட்டில் இருந்தார். விஷயத்தைக் கேட்டவர் ஒரு கேள்விதான் கேட்டார். "நீ எங்க நிக்கிறாய்?"

"துப்புரவாக்கின பக்கம்தான், அக்கா."

"அங்கயே நில். மனுசன் கூப்பிட்டாலும் போகாத. சாமானோட வாறம்."

பிறகு காத்திருப்பு. சூரியன் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. பெனடிக்ற் இரண்டு பாதங்களையும் அந்தந்த அடிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சிலுவையில் அறையப்பட்டவனைப்போல கைகளை விரித்துச் சமநிலை பிடித்து நின்றான்.

"கால் விறைக்குது, மதலேனா. விழுந்திடுவன் போல கிடக்கு."

"விழமாட்டீங்கள். என்னைப் பாருங்கோ. வீட்டைப் பற்றிச் சொல்லுங்கோ. பிள்ளையின்ர அறையில கட்டில் எந்தப் பக்கம்?"

"யன்னலுக்குக் கீழ," என்றான். "படுத்துக் கிடந்தே கடல் தெரியவேணும்..." குரல் உடைந்தது. "ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்கோ. காலை மட்டும் அசைக்காதேங்கோ."

"அந்தக் கட்டையள்... நான்தான் பிடுங்கிக் கடற்பக்கமாத் தள்ளி நட்டனான்."

மதலேனாவின் விரல்கள் நாடாவின் சுருளை இறுக்கின. விளிம்பு உள்ளங்கையை வெட்டியது. வாய் வரை வந்ததை விழுங்கினாள். நின்றுகொண்டிருப்பவனை இப்போது பதறவிடக்கூடாது. வேலையில் படித்த பாடம் அது.

"எப்ப?"

"போன கிழமை. நீ வேலைக்குப் போன நேரம். அறைக்கு இடம் போதாமல் போச்சு. எப்பிடித் திருப்பிப் போட்டாலும் பிள்ளையின்ர அறை கட்டைக்கு அங்கால போகுது."

"எதால நடந்து போனீங்கள்?"

"இதாலதான். அங்கயும் இஞ்சயும் நடந்து நடந்து நட்டனான். ஒண்டும் வெடிக்கேல்ல. அப்ப ஒண்டுமில்லயெண்டு நினைச்சன்."

சண்டை நடந்தபோது அவன் இங்கே இல்லை. வெடிக்கும்வரை எல்லா நிலமும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. அப்படி எண்ணி அவனுக்காக இரங்கலாமா என்று பார்த்தாள். முடியவில்லை. நாளைக் காலை அந்த இடத்தில் நிலத்தை இடிக்க அலவாங்கோடு இறங்கவிருந்த மனிதர்கள்தான் கண்ணில் நின்றார்கள். பிறகு, யன்னலுக்குக் கீழே ஒரு கட்டில்.

"அழாதேங்கோ," என்றாள். "அழுதால் உடம்பு ஆடும்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் கண்ணை எடுக்கவில்லை. அவன் அடிகள் ஒவ்வொன்றாக மணலுக்குள் மறைந்தன.

இந்திராதேவி குழுவினரோடு வந்து இறங்கியதும் மதலேனா அங்கியைக் கேட்டாள்.

"நான் போறன், அக்கா."

"நீ போகேலாது."

"அவர் என்ர மனுசன்."

"அதுக்குத்தான் சொல்லுறன். உனக்குக் கை நிதானமா இருக்காது. அங்கால போய் நில்."

அதைவிடக் கொடுமையான வேலையை அவள் ஒருநாளும் செய்ததில்லை. வெறுங்கையோடு நிற்கவேண்டியிருந்தது. இந்திராதேவி வெடியை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஒரு பாதை பிடித்தார். உலோகம் காட்டும் கருவியால் தடவி, கோலால் சரிவாகக் குத்திப் பார்த்து, மண்ணை வழித்து, மறுபடி தடவி, முழங்காலால் ஓர் எட்டு. மதலேனா தன் வேலையை முதன்முதலாக வெளியில் நின்று பார்த்தாள். இப்படியா ஊர்கிறோம் என்று இருந்தது. ஒருமுறை கருவி கீச்சிட்டது. எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். வந்தது துருப்பிடித்த ஓர் ஆணி.

சூரியன் கடலைத் தொடப் போகிற நேரம் இந்திராதேவியின் கை பெனடிக்ற்றின் கணுக்காலைத் தொட்டது. அவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் கைகாட்டிய இடத்தில் மட்டும் கால் வைத்து அவன் வெளியே வந்தான். உடை மரத்தடியில் சரிந்து கிடந்தான். மதலேனா போத்தலைத் திறந்து தண்ணீர் பருக்கினாள். அவன் தலையைத் தன் மடியில் எடுக்கவில்லை.

இந்திராதேவி முகமறைப்பைக் கழற்றினார். "கட்டையை ஆர் மாத்தி நட்டது?"

பெனடிக்ற் மனைவியைப் பார்த்தான். மாடு முட்டி விழுத்தியது என்று அவள் சொன்னால் கதை அந்த மட்டோடு முடிந்துவிடும். அந்த வார்த்தைக்காகத்தான் அவன் கண்கள் கெஞ்சின.

"அவரே சொல்லுவார், அக்கா," என்றாள் மதலேனா.

அவன் சொன்னான். இந்திராதேவி திட்டவில்லை. "நான் மேல அறிவிக்கத்தான் வேணும்," என்றார். "நாளைக்கு வேலைக்கு வாறவைக்கும் இதை நீங்கள்தான் சொல்லவேணும்."

விடிந்ததும் சனூன் மேசன் இரண்டு பேரோடு வந்து றோட்டிலேயே நிறுத்தப்பட்டார். வெடியை அந்த இடத்தில் வைத்தே தகர்த்தார்கள். மண் பனை உயரத்துக்கு எழும்பி விழுந்தது. சத்தம் அடங்கியபிறகு பெனடிக்ற் அவர்களுக்கு முன்னால் போய் நின்று, நேற்றுச் சொன்னதைத் திரும்பவும் சொன்னான். இரண்டாவது முறை சொல்வது இலகுவாக இருக்கவில்லை.

சனூன் மேசன் கேட்டு முடித்தார். "தம்பி, என்ட மருமகன் விறகுக்குப் போய் ஒரு கால் இல்லாம வந்தவன்," என்றார். "அந்த இடத்தில கட்டை நட்டிருக்கேல்ல. அது விதியெண்டு நினைச்சுக் கிடந்தம். நீங்களோ, நட்டிருந்த கட்டையையே பிடுங்கியிருக்கீங்க." வேறொன்றும் சொல்லாமல் மட்டப்பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தார். மற்ற இருவரும் அவருக்குப் பின்னால் போனார்கள்.

பொலிசில் பெனடிக்ற்றை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்து, கடுமையாக எச்சரித்து அனுப்பினார்கள். கடற்பக்கத்தைத் துப்புரவாக்கும் முறை வர மாரிகாலம் வந்துவிட்டது. அங்கே பின்னும் பல வெடிகள் எடுத்தார்கள். அந்த மாதங்களில் மதலேனா அவனுக்குச் சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்துக் கொடுத்தாள், தேவைக்கு மேலே ஒரு சொல் பேசவில்லை. வேலையையும் விடவில்லை. அவனும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தினமும் விடியப்புறம் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, பேருந்து வரும்வரை சந்தியில் அவளோடு நின்றான்.

மழை விட்ட பிறகு ஒருநாள், காணியில் வைத்து அவன் ஒரு தடியை அவளிடம் நீட்டினான்.

"நீ கீறு," என்றான்.

அவள் பழைய குழிகளின் வரிசையிலிருந்து நன்றாக இப்பால் வந்து, ஈரமணலில் கோடு கீறினாள். கடற்பக்கம் இப்போது துப்புரவானதுதான், ஆனாலும் அங்கே போக அவளுக்கு மனம் வரவில்லை. றோட்டைப் பார்த்த யன்னலோடு குசினி. பக்கத்தில் பெற்றிசியாவுக்கு ஓர் அறை. அதிலிருந்து கடல் தெரியாது. இருவருக்கும் ஓர் அறை. முன்னால் ஒடுங்கிய விறாந்தை. போட்டிக்கோ இல்லை.

பெனடிக்ற் கோடுகளைச் சுற்றி நடந்து பார்த்தான். "பிள்ளை கடலைக் கேப்பாள்."

"கேப்பாள். ஏனெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

அவன் தலையை ஆட்டினான். இருவருக்கும் கீறிய அறைக்குள் வந்து நின்று, "எங்கட அறையில ரெண்டு கட்டிலோ, ஒண்டோ?" என்று மெல்லக் கேட்டான்.

மதலேனா தடியை மணலில் குத்தி வைத்தாள்.

"முதல்ல சுவர் எழும்பட்டும்," என்றாள்.

அவன் முளைக்கட்டைகளை அள்ளிக்கொண்டு அவள் காட்டிய மூலைக்குப் போனான்.