நிறுக்காத பால்

எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடித்தால் செத்த பிணமும் எழுந்து பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். இது இராமையா கங்காணியின் சட்டம். பெரட்டுக்களம் என்றால், விடியற்காலையில் பெயர் சொல்லி ஆளை எண்ணி மலைக்கு விரட்டுகிற இடம். கங்காணிக்கு மரியாதை கொடுத்துத்தான் சொல்கிறேன். மனசுக்குள் வேறு மாதிரிதான் சொல்லிக்கொள்வேன்.

பிள்ளை பெற்றவளுக்கும் அதே சட்டந்தான். என் தலைச்சனைப் பெற்றுப் போட்டு உடம்பு பச்சையாய்க் கிடந்தபோது, அவர் எங்கள் வரிசை வீட்டு லயத்து வாசலில் வந்து நின்று, "தங்கம்மா, பெரட்டுக்கு வரலியா? வராதவளுக்கு இந்தக் காம்பரா எதுக்கு?" என்று கத்தினார். போனேன். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு, ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போனேன். மரத்துப் பால் சிரட்டையில் வடிந்தது, என் பால் ரவிக்கையில் வடிந்தது. அந்த மாசம் முடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

அதனால்தான் முப்பத்தாறாம் ஆண்டு எலெக்சன் வந்தபோது நான் அப்படி ஆடினேன். என் மருமகள் ராஜம் அப்போது நிறைமாதக்காரி. வயிற்றைத் தள்ளிக்கொண்டு பால் வாளியும் தூக்கிக்கொண்டு அவள் மேடு ஏறுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் தலைச்சன் ஞாபகம்தான் வரும்.

அதற்கு முந்தின எலெக்சனிலும் எங்களுக்கு வோட்டு இருந்தது. இருந்து என்ன? தேர்தலுக்கு நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு நிறம், வோட்டுப் பெட்டிக்கும் அந்த நிறம். கங்காணி எங்களை ஆடு ஓட்டுகிற மாதிரி ஓட்டிப்போய், "மஞ்சப் பெட்டி, மறந்துறாதீங்க" என்றார். போட்டோம். மஞ்சள் பெட்டிக்காரர் பெரிய வளவுக்காரர், நிலபுலம் உள்ள பெரிய மனிதர், எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு கிளப்பில் பந்து விளையாடுகிறவர். எங்களை அவர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இந்தத் தடவையும் அவர் நின்றார். ஆனால் அவரை எதிர்த்துச் சிவப்புப் பெட்டிக்கு ஆள் நிறுத்த யூனியன் வந்திருந்தது. யூனியன்காரர் இரத்தினசபாபதி யாழ்ப்பாணத்து மனிதர், கொழும்பில் கிளாக்கர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று துரை பொலிசைக் கூப்பிடுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், கித்துல்கல பசாரில் நாகலிங்கம் கடைப் பின்கட்டில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்தான் எங்கள் கூட்டம்.

"சிவப்புப் பெட்டிக்காரர் கொழும்புச் சட்டசபைக்குப் போனால், பிள்ளை பெத்த பொம்பிளையள் வீட்டில இருக்கேக்கையும் சம்பளம் குடுக்கவேணும் எண்டு சட்டம் கேக்கப்போறார்" என்றார் அவர்.

"வேலைக்குப் போகாம சம்பளமா? ஐயா, எங்க காதுல பூ சுத்தாதீங்க!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். "சுத்தேல்லை, தங்கம்மாக்கா. வேற நாடுகளில உப்பிடிச் சட்டம் இருக்கு. இஞ்ச கேக்கிறதுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒருத்தரை அனுப்புங்கோ."

அவர் பேசுகிற தமிழ் எனக்குப் பாதிதான் பிடிபடும். ஆனால் அந்தப் பேச்சு நன்றாகப் பிடிபட்டது. அன்றைக்கு ராஜத்தின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன்.

எலெக்சனுக்கு முதல் நாள் பெரட்டில் கங்காணி சொன்னார்: "தொர யாரையும் தடுக்கல. வேலைய முடிச்சு, பால நிறுத்துக் குடுத்துட்டு யாரும் எங்க வேணாலும் போங்க. நிறுக்காம போறவங்க லயத்தையும் காலி பண்ணிட்டுப் போங்க."

கேட்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் மறுநாள் ஆளுக்குக் கூடுதலாக மரம் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வோட்டுப் பெட்டிக்குப் பூட்டு. தோட்டத்திலிருந்து கித்துல்கல பள்ளிக்கூடத்துக்கு இறங்கி நடக்கவே நல்ல நேரம் பிடிக்கும். எங்கள் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வேலையைப் போட்டுவிட்டுப் போவோம் என்று குதித்தேன். இரத்தினசபாபதி ஐயாதான் கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினார்: "வேலையைக் குறையில விடாதேங்கோ. அவைக்கு வேண்டியது ஒரு சாட்டு. அதைக் குடுத்தால் எல்லாரையும் கலைச்சுப்போடுவினம்." சரியென்று பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினோம்.

அது மாசி மாசம். ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாய் நின்றது. நிழலென்று மருந்துக்கும் இல்லை. அந்தக் காலத்தில் மரம் பாலும் குறைவாகத்தான் தரும். ராஜத்தின் மரங்களில் பாதியை நானும் பக்கத்து மலைக்காரி சீதாதேவியும் சேர்ந்து வெட்டினோம். கொம்பு ஊதியதும் சிரட்டைப் பாலையெல்லாம் வாளியில் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, அடித்துப்பிடித்து ஸ்டோருக்கு வந்தோம். பொம்பளைகள் முன்னால், ஆம்பளைகள் பின்னால், நீண்ட வரிசை.

வேலையை முடித்துவிட்டோம். இனி நிறுத்தால் போதும்.

நிறுத்தால்தானே! தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முதல் வாளியை நிறுத்தார். எழுதினார். மறுபடி நிறுத்தார். பிறகு தேத்தண்ணி வந்தது. ஊதி ஊதிக் குடித்தார். கங்காணி திண்டில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் முகத்திலும் அவசரம் இல்லை. இப்படிப் போனால் வரிசை முடியும்போது வோட்டுப் பெட்டி கொழும்புக்கே போய்விடும்.

"ஐயா, கொஞ்சம் வெரசா நிறுங்களேன்" என்று சீதாதேவி கெஞ்சினாள்.

"தொரையோட வேல, ஒழுங்காத்தான் நடக்கும்" என்றார் கங்காணி.

ராஜத்துக்கு நிற்க முடியவில்லை. வாளியைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாளியையும் பார்த்தேன். வெயில் நேராகப் பாலில் விழுந்தது. ஓரத்தில் தயிர் மாதிரி சின்னதாக ஒரு கட்டி தட்டியிருந்தது.

அடக் கடவுளே, இத்தனை நேரம் இது என் மண்டையில் உறைக்கவில்லையே! ரப்பர் பால் காத்திருக்காது. வெயிலில் கிடந்தால் உறைந்து கட்டியாகும். கட்டியான பால் கழிவு ரப்பருக்குத்தான் போகும், நல்ல ஷீட் அடிக்க உதவாது. நிழலில்லாத மாசத்தில், மரம் பால் குறைவாய்த் தருகிற மாசத்தில், ஒரு தோட்டத்துப் பால் முழுக்க எங்கள் கையில் இருந்தது.

நான் வரிசையை விட்டு வெளியே வந்து, முற்றத்து நடுவில் நல்ல வெயிலாகப் பார்த்து என் வாளியை வைத்தேன். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன தங்கம்மா, வரிசைய விட்டுப் போற?" என்றார் கங்காணி.

"ஒங்களுக்கு அவசரம் இல்லைல்ல? எங்களுக்கும் இல்ல கங்காணி. மெதுவா நிறுங்க. நாங்க எங்கயும் போகல, வேலையவும் விடல. பாலும் இங்கதான் இருக்கு."

சீதாதேவி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவளும் வாளியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக, பின்னால் ஆம்பளைகளும், எல்லாரும் முற்றம் நிறைய வாளியை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளை வெளேரென்று பால், மேலே கொதிக்கிற வெயில்.

கங்காணி வெற்றிலையை அப்படியே துப்பினார். "அடியே, உறைஞ்சு போயிருமேடி!"

"உறையட்டும். நீங்கதான ஒழுங்கா நடக்கும்னீங்க?"

மனுசர் மூஞ்சி செத்துப்போயிற்று. நாங்கள் வேலையை மறுத்தோம் என்று சொல்ல முடியாது. ஓடினோம் என்றும் சொல்ல முடியாது. எங்களை நிற்க வைத்ததே அவர்தான். பங்களாவுக்கு ஓடினார். துரை தொப்பியில்லாமல் வந்தார். முற்றத்தைப் பார்த்தார், ஒரு வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கங்காணியைப் பார்த்து இங்கிலீசில் என்னமோ கத்தினார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் இவ்வளவு இனிப்பாக அது ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை.

"எல்லாரும் பால தொட்டியில ஊத்துங்க" என்றார் கங்காணி. குரல் உள்ளேயே போய்விட்டது. "நிறுக்க வேணாம்."

நான் எழுந்திருக்கவில்லை. "நிறுக்கலன்னா பேரு?" என்றேன். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் கூலியை ஒரு பேர் என்போம். அரைப் பேர் போட்டு ஏமாற்றுவது கங்காணிக்குக் கைவந்த கலை.

"போடுறேன்."

"முழுப் பேரா? எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் முழுப் பேரு! ஊத்தித் தொலைங்கடி!"

ஊற்றினோம். தொட்டி நுரைத்துக்கொண்டு நிறைந்தது. கையைக்கூடக் கழுவாமல், பால் காய்ந்து பிசுக்குப் பிடித்த கையோடு மலையிறங்கினோம். ராஜத்தை நடக்க வேண்டாம், இருந்துகொள் என்றேன். "ஏன் மாமி, வயித்துல இருக்கிறது எனக்குத்தான? நானே போடுறேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். அவள் அப்படி எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது.

களனி கங்கைக் கரையோரமாக நாங்கள் ஓடி வருவதைப் பார்த்து, ரோட்டோரத்துச் சிங்களப் பொம்பளைகள் "இக்மன் கரண்ட அக்கே, இக்மன் கரண்ட!" என்று, சீக்கிரம் போங்க அக்கா என்று, கை தட்டி விரட்டினார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் இரத்தினசபாபதி ஐயா ரோட்டையே பார்த்து நின்றார். எங்களைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"வேலையை விட்டிட்டோ வந்தியள்?"

"முடிச்சுட்டு வந்தோம் ஐயா. முழுப் பேரோட!"

அந்த மனிதர் குழந்தை மாதிரி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உள்ளே தட்டிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். மஞ்சளைப் பார்த்தேன். "போன வாட்டி போட்டேன், போதும் ஒனக்கு" என்று அதனிடமே சொல்லிவிட்டுச் சிவப்பில் போட்டேன். வோட்டுச் சீட்டில் என் கைப்பிசுக்கு ஒட்டிக்கொண்டது, உதறித்தான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

சிவப்புப் பெட்டிக்காரர் ஜெயித்தார். பசாரில் வெடி கொளுத்தினார்கள், நாகலிங்கம் கடையில் எல்லாருக்கும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் சட்டம் உடனே வந்துவிடவில்லை. தோட்டத்து முதலாளிகள் இழு இழு என்று இழுத்தார்கள். யூனியன் விடவில்லை, சபைக்குள் எங்கள் ஆளும் விடவில்லை. ராஜத்தின் முதல் பிள்ளை பிறந்தபோது அவள் பழையபடிதான் மலைக்குப் போனாள். மாரியாத்தா புண்ணியத்தில் பிள்ளை பிழைத்துக்கொண்டது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது சட்டம் வந்திருந்தது.

பிள்ளை பிறந்த மறுநாள் காலையில் தப்பு அடித்தது. பழக்க தோசம், நான் துள்ளி எழுந்தேன். வாசலில் இராமையா கங்காணி. அவருக்கும் பழக்க தோசந்தான்.

"ராஜம் பெரட்டுக்கு வரலியா?"

"வரமாட்டா கங்காணி. அவளுக்குப் பேரு போட்டுக்குங்க."

"வேலைக்கு வராம என்ன பேரு?"

"அன்னைக்கு நிறுக்காத பாலுக்குப் போட்டீங்களே, அதே மாதிரிதான்."

அவர் தடியை ஊன்றிக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போனார். உள்ளே ராஜம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தாள்.