கூடக் கேட்ட கேள்வி

கந்தப்பனின் கருமாதி முடிந்த மறுநாளே கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் வந்தார், விசாரித்தது வேறு. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், குடும்பத்தில் ஒருவராவது பேர் பதிந்து வேலைக்குப் போனால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு தங்கும். கந்தப்பன் பேரை வெட்டியாயிற்று. மனைவி இராசம்மா முழங்கால் வலியால் போன வருடமே வேலையிலிருந்து நின்றுகொண்டவள். மிச்சம் மகள் நிலக்ஷி.

சாவுக்கு வந்திருந்த நிலக்ஷிக்கோ ஜேர்மனியில் பௌதிக ஆராய்ச்சிப் படிப்பு. அப்பா போன துக்கத்தைவிட இந்த ஒரு கேள்விதான் அவளை அரைத்தெடுத்தது. இருப்பாளா, போவாளா? அடுப்படியில் அம்மா கேட்டபோது, "இருக்கேம்மா" என்றாள். ஆய்வுகூடத்தில் கடைசிக் கட்டப் பரிசோதனைக்கு வருவாயா என்று பேராசிரியர் போனில் கேட்டபோது, வருகிறேன் என்றாள். இரண்டையும் மனதாரத்தான் சொன்னாள். அலுத்துப் போயிருந்தாள்.

"அங்க அப்புடி என்னத்ததான் பாக்குறீங்க?" என்று சாயங்காலம் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள் இராசம்மா.

மற்றக் கேள்விக்கு இது எவ்வளவோ மேல். "ஒரே ஒரு அயன்மா, மின்னேத்தம் உள்ள அணு. தூசிய விடச் சின்னது. மின்சாரத்தால அந்தரத்துல புடிச்சு வச்சு, லேசர் அடிச்சுக் கேள்வி கேப்போம். மின்னுனா ஒரு பதில், மின்னாட்டி ஒரு பதில்."

"பதில் அதுக்குள்ளயே இருக்குமா?"

"அதத்தாம்மா பாக்குறோம். ஒரு கேள்வியோட கூட வேற எந்தக் கேள்வியக் கேட்டாலும் மாறாத பதில் முன்னாடியே உள்ள இருந்தா, பதிலெல்லாம் சேத்துப் போடுற கணக்கு ஒரு எல்லைக்குள்ள நிக்கணும். தாண்டிப் போகுது. அப்புடி ஒரு பதிலே உள்ள இல்ல."

இராசம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பாவம், அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள் நிலக்ஷி.

விடிந்து, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் இறங்கும் நேரம். இராசம்மா முழங்காலில் துணியைச் சுற்றி, கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா போறீங்க?"

"பேர் பதிய."

"நான்தான் இருக்கேன்னு சொன்னேனே!"

"எனக்கு இருக்கேங்குற. போன்ல அவருக்கு வாறேங்குற. இங்கிலீசு தெரியாட்டி ஒன் மொகம் தெரியாதா? பொய் சொல்றியேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. நேத்து நீ சொன்ன பொறகுதான் வெளங்குச்சு. உள்ள பதிலே இல்லாத புள்ளயப் போட்டு எதுக்கு அரிக்கிறது?" குரலில் கோபமே இல்லை. "நீ போ."

இராசம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கினாள். தடுக்க வேண்டும் என்று நிலக்ஷிக்குத் தெரியும். ஆனால் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அழுகை வந்தது.

அழுதாளே தவிர, அம்மாவைக் கூப்பிடவில்லை.