உள்ளே வைத்துக் கட்டிய அட்டவணை

படிப்பைப் பாதியில் விட்ட தம்பியை நம்பி, "அவன் எழுதித் தருவான் சார்" என்று குடிநீர்ச் சோதனைக்கூடத்தின் பொறுப்பாளரிடம் வாக்குக் கொடுத்தவள் அக்காதான். அவளுக்கு அங்கேதான் வேலை.

எழுதியும் தந்தான். குளோரின் கருவி காட்டும் எண்ணை ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டு, தண்ணீரில் மருந்து போதுமா போதாதா என்று சொல்லும், 'ஆர்' என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். கூடத்துக் கணினியில் ஆர் கிடையாது. எதையும் நிறுவவும் விடமாட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, தட்டினால் ஓடும் செயலியாக்கிக் கொடுத்தான்.

போன மாதம் கருவியின் உள்விளக்கை மாற்றினார்கள்; அதோடு அது காட்டும் எண்களும் மாறின. அதற்கேற்ற புது அட்டவணையை, அவன் சொல்லிக்கொடுத்தபடியே, அக்கா ஃபோல்டரில் போட்டாள். செயலி 'போதும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. போதவில்லை. ஒரு தெரு முழுக்க வயிற்றுப்போக்கு. பழி அக்கா தலையில் விடிந்தது.

நேற்று நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. மூட்டை கட்டும்போது, வேறு கணினியில் 'கோப்பைக் காணோம்' என்று அது அடம்பிடித்தது. அலுத்துப்போய், தன்னிடமிருந்த பழைய அட்டவணையையே உள்ளே வைத்துக் கட்டினான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டான். மறந்தும் போனான். ஃபோல்டரில் எதைப் போட்டாலும் செயலி எட்டிக்கூடப் பார்க்காது.

திருத்தியதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு இன்று கூடத்துக்கு வந்திருந்தான்.

"நீ எழுதினது தப்பாகாதுடா," என்றாள் அக்கா. "நான்தான் எசகுபிசகா எதையாவது பண்ணியிருப்பேன். சார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எதுக்குச் சொன்ன?"

"பின்ன, உன்னைச் சொல்லவா?"

பொறுப்பாளர் வாசலில் எட்டிப் பார்த்தார். "தம்பி, சீக்கிரம் சரி பண்ணுங்க. மேலிடத்துக்கு அக்கா பேரைத்தான் அனுப்பணும். வேற வழியில்ல."

பென்டிரைவைச் செருகினான். 'இதே பெயரில் பழைய கோப்பு இருக்கிறது. மாற்றவா?' என்றது திரை. மாற்றிவிட்டால் தடயமே இருக்காது. முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறுகூட வேண்டாம். ஒரு விரல் போதும்.

'வேண்டாம்' என்பதை அழுத்தினான்.

"சார், கொஞ்சம் உள்ள வாங்க."

அவர் கண்ணெதிரிலேயே, அட்டவணை வைக்கும் ஃபோல்டரைக் காலியாக்கினான்.

அக்கா பதறினாள். "டேய், இருக்கிறதையும் கெடுக்காத!"

பழைய செயலியைத் தட்டி, அந்தத் தெருத் தண்ணீருக்கு அன்று கருவி காட்டிய எண்ணைக் கொடுத்தான். அட்டவணையே இல்லாமல், வாய் கூசாமல் அது சொன்னது: 'போதும்.'

"அக்கா வச்ச பைலை இது ஒரு நாளும் படிச்சதில்ல சார். நான் பழசை உள்ள வச்சுக் கட்டிட்டேன்."

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவங்க?"

"ஒண்ணும் பண்ணல."

அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தத் தெருவுல ஒரு கைக்குழந்தைக்கு இன்னும் ட்ரிப்ஸ் ஏறுது. தினம் அதோட அம்மாகிட்டப் போய், கால்ல விழாத குறையா நின்னுட்டு வரேன்." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "புதுசைப் போட்டுட்டுக் கிளம்பு. இன்னிக்கு நீ வந்து நில்லு."

அட்டவணையைத் திரும்ப ஃபோல்டரில் போட்டு, புதிய செயலியை வேறு பெயரில் வைத்தான். பழையதை அழிக்கவில்லை. அவள் அதற்குள் படியிறங்கிவிட்டிருந்தாள்.