மணவாளன் பேசிய விளம்பரம்

மணவாளன் அண்ணனுக்குத் திக்குவாய். ஆரணியில் அவர் கடையில் பட்டு எடுத்த எல்லோருக்கும் அது தெரியும். யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நான் ஊரின் கேபிள்காரன், பரசுராமன். தொண்ணூற்றொன்பதில் என் லோக்கல் சேனலுக்கு அவர் ஒரு விளம்பரம் கொடுத்தார். வேறு யாரையாவது பேச வைக்கலாம் என்றேன். "நா... நானே பேசறேன்" என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். ஒரே வாக்கியம், இருபத்திரண்டு தடவை எடுத்தேன். நல்ல துண்டுகளை ஒட்டி ஓடவிட்டேன். தடங்கலில்லாமல் பேசுகிற தன்னை டீவியில் பார்த்த பிறகு மனுஷனுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. கடையில் வாய்விட்டுப் பேசி வியாபாரம் பண்ண ஆரம்பித்தார்.

வீணாய்ப்போன துண்டுகளை நான் அழிக்கவில்லை. நாலு பேரைச் சிரிக்க வைக்கலாம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். இரண்டாயிரத்தெட்டில் வேலூரில் கேபிள்காரர்கள் கூடியபோது, சாப்பாடு முடிந்ததும் அந்தத் துண்டுகளைச் சிடியில் போட்டுக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எவனோ செல்போனில் பிடித்திருக்கிறான். அது இன்டர்நெட்டுக்குப் போயிற்று. இன்டர்நெட்டில் வருவதைப் பொறுக்கி ஞாயிறு மதியம் காட்டுகிற ஒரு சேட்டிலைட் சேனல் அதை எடுத்துப் போட்டது. அந்தச் சேனல் என் டிஷ்ஷில் இறங்கி, என் ஒயர் வழியாகவே அவர் வீட்டு டீவிக்குள் போய்ச் சேர்ந்தது. பாவி நான்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் என் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார்.

"நி... நிறுத்துப்பா பரசு. நீதான டீவி வுடற? உன் கையிலதான கீது?"

"பழைய டேப்ப சிடி போட வேலூர்ல ஒரு கடையில குடுத்தேண்ணா. அங்க எவனோ திருடிட்டான்" என்றேன். நம்பிவிட்டார்.

தை மாதம் அவர் மகள் தேவிப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குச் செய்யாறில் கம்பெனி வேலை. சபையில் பெண்ணைப் பெற்றவர்தான் எழுந்து, பெண்ணைத் தருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்காக மூன்று மாதமாகத் தறி அறையில் தனியாக நின்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். அதற்குள் இந்த வீடியோ ஒழிந்துவிட்டால் போதும் என்றார்.

அடுத்த ஞாயிறும் அதைப் போடுவார்கள் என்று அந்த நேரத்துக்குச் சேனலைப் பிடுங்கினேன். பத்தே நிமிஷத்தில், என்னிடம் கனெக்‌ஷன் வாங்கியிருந்த முனியம்மாள் போன் பண்ணினாள். "இன்னா பரசு, சிரிப்பு வர்ற நேரம் பாத்துப் புடுங்கிட்ட? நம்ம ஊரு ஆளு டீவியில வராருன்னு எல்லாரும் குந்திகினு கீறோம்!" சாயந்தரத்துக்குள் அவள் தெருவில் பாதிப் பேர் செல்போனில் ஏற்றிப் பார்த்துவிட்டார்கள்.

பிரவுசிங் சென்டர் வைத்திருந்த டேவிட்ராஜிடம் ஓடினேன். "கம்ப்ளெயின்ட் பண்ண ஒரு பட்டன் கீதுண்ணா. நெறைய பேரு அமுக்கினா தூக்கிடுவாங்கன்னு சொல்றாங்க" என்றான். தெரிந்த கேபிள்காரர்கள் நாற்பது பேருக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். எல்லோரும் பார்த்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பட்டனை யார் அமுக்கினார்கள் என்று தெரியவில்லை. நாலாயிரமாக இருந்த பார்த்தவர்கள் கணக்கு பதினோராயிரம் ஆயிற்று.

"நீங்க டெய்லி வந்து வீடியோ இன்னும் கீதா, போச்சான்னு ஓட்டிப் பாக்கறீங்களே, அதுவும் அதுலதான் சேருது" என்றான் டேவிட்ராஜ்.

கடைக்கு வந்தவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள், டீவியில் சொன்ன மாதிரி ஒரு தடவை சொல்லுங்க என்று. அவர் வாய் திறப்பதை நிறுத்தினார். தறி அறைப் பக்கமும் போவதில்லை என்று அவர் மனைவி லீலா அண்ணி சொன்னார். அந்தக் காலத்தில் ஊரே பார்ப்பதை ஒரு ஒயரைப் பிடுங்கி நிறுத்தியவன் நான். இப்போது எதைப் பிடுங்குவது? எங்கே போய்ப் பிடுங்குவது?

நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்கள், ஒருத்தர் முகத்திலும் இளக்காரம் இல்லை. தாம்பூலத் தட்டோடு அண்ணன் எழுந்தார். "எம் பொ..." என்றார். பின்வரிசையில் ஒரு பெண் போட்டோ எடுக்கச் செல்போனைத் தூக்கினாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். உதடுகள் மூடிக்கொண்டன. திரும்பி, அத்தனை சொந்தக்காரர்களையும் விட்டுவிட்டு, என்னைப் பார்த்தார்.

எழுந்து நானே சொன்னேன். "எங்க அண்ணன் பொண்ணு தேவிப்ரியாவ உங்க வீட்டுக்குக் குடுக்கறோம்." ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

தட்டு மாறியது. அண்ணன் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இவருக்காக எவ்ளோ அலைஞ்சீங்க, உங்கள மறக்க மாட்டோம்" என்று அழுதார் லீலா அண்ணி. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

தேவிப்ரியா மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகும் அவள் தன் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.