விளைவித்தவர், தயாரித்தவர்

1

இந்தக் கதை ஒரு சாஸ் பாட்டிலின் மேல் எனக்கு வந்த பொறாமையில் தொடங்கியது. துக்கத்தில் தொடங்கியது என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன்.

எங்கள் உழவர் சந்தையில் ஒரு விதி உண்டு. பாட்டிலில் அடைத்து விற்கும் எதிலும் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும்: விளைவித்தவர், தயாரித்தவர். தக்காளி சாஸில் முதல் வரி என் கணவர். அடுத்த வரி சாஸ்காரி. ஆறு வருடம் அந்த இரண்டு பெயர்களும் நெருக்கியடித்துக்கொண்டு என் சமையலறை அலமாரியிலேயே குடியிருந்தன.

2

முதல் வரைவில் அவளை அழகியாக்கினேன். [பொய். தடித்த கண்ணாடி, முழங்கை வரை சூடுபட்ட தழும்பு.]

வெடித்த பழத்தை வியாபாரிகள் தொடமாட்டார்கள். அவள் வாங்கிக்கொள்வாள். அவளிடம் கூடை கொண்டுபோகும் நாளில் மட்டும் அவர் சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டையை

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

"வெடிச்ச பழத்துக்கா இவ்வளவு அலங்காரம்?"

"பழம் வெடிச்சது போதும். நீயும் வெடிக்காத."

[நல்லது, வெடித்தது, அழுகியது என்று மூன்று கூடைகளாகப் பிரித்தது நான். அதற்கு லேபிளில் வரி இல்லை.]

3

அவர் தவறிப்போய் எட்டு மாதம். இந்தப் பருவத்துத் தக்காளியை நட்டதும் பறித்ததும் நான். நேற்று சாஸ்காரி லேபிள் தாளோடு வந்தாள்.

"அக்கா, அச்சுக்குக் குடுக்கணும். விளைவித்தவர்னு யார் பேரு?"

"விதிப்படி யாரு?"

"நீங்கதான். ஆனா அண்ணன் பேரை எடுக்க எனக்கு மனசு வரல. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

அண்ணன். அவர்கள் பேசும்போது நான் பக்கத்தில் நின்றதே இல்லை.

"எப்பவும் உங்க பேச்சுதான்க்கா. 'பழம் பிரிக்கிறதுல அவ கண்ணு தப்பாது'ம்பாரு."

இங்கே பொறாமை தீர்ந்ததென்று எழுதினால் கதை அழகாக முடியும். தீரவில்லை. அந்தப் பாராட்டையும் அவளிடம்தானே சொல்லியிருக்கிறார்.

4

முடிவு ஒன்று: என் பெயரை எழுதுகிறேன். உழைத்தவள் நான். ஆனால் சந்தையிலிருந்தும் அவர் போய்விடுவார்.

முடிவு இரண்டு: அவர் பெயரே இருக்கட்டும். இன்னொரு பருவம் அவர்கள் சேர்ந்திருக்க, நான் கூடைகளோடு.

இரண்டையும் போடலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். வரிக்கு ஒரு பெயர்தானாம்.

வெடித்த பழம் இரண்டு நாள்தான் தாங்கும். இன்று இரண்டாவது நாள். தாளையும் பேனாவையும் உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். எழுதிவிட்டு மடித்து அவளிடமே கொடுத்துவிடுங்கள். யார் பெயர் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். சந்தைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.