கால் படாத கொத்தனார்

பிழைக்க வந்த அந்நிய நாட்டில் இறங்கியதிலிருந்து கொத்தனாரின் கால் தரையில் படவில்லை. நாலு விரல் உயரத்தில் நின்றார், நடந்தார், தூங்கும்போதும் கட்டிலுக்கு மேலேதான் கிடந்தார். ஊரில் எல்லாரும் வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற "போயிட்டு வரேன்" என்பதை, கிளம்பும்போது மனைவியிடம் அவர் நிஜமாகவே சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் சோறு இறங்காத பிறவி. அதனால் காலும் இறங்கவில்லை, அவ்வளவுதான். கூட வந்த மச்சான், அவர் மனைவிக்கு அண்ணன், அதையே பால்காரனிடமும் பஸ் கண்டக்டரிடமும் சொல்லிவிட்டு வந்தவன். அவன் கால் முதல் நாளே நன்றாகப் பதிந்தது. அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்தான், மேஸ்திரியானான், ஜன்னலோரக் கட்டிலையும் பிடித்தான்.

முதலாளி முதலில் கொத்தனாரை முறைத்தார். ஈரக் காங்கிரீட்டில் தடம் விழாமல் நடந்து பூசும் ஆள் என்று தெரிந்ததும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் மச்சான் வந்து, இந்தக் கட்டடம் முடியட்டும் மாப்ள என்பான். வருவதாகச் சொன்னதால் மிதந்தார், மிதந்ததால் முதலாளி விடவில்லை. மகள் வயதுக்கு வந்ததையும் அவள் கல்யாணத்தையும் போனில்தான் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பேசி முடிக்கும்போது "வரேன்" என்பார்.

ஒருநாள் போனில் மனைவி சத்தம் போடாமல் சொன்னாள்: "இனிமே வரேன்னு சொல்லாதீங்க. எல்லாரையும் மாதிரி வெச்சிடறேன்னு சொல்லுங்க. எத்தனை வருஷம்தான் கதவைத் தாழ் போடாம படுக்கிறது?"



"சரி, வெச்சிடறேன்" என்றார்.

மறுநாள் காலை ஈரத் தளத்தில் அவர் கால் கணுக்கால்வரை புதைந்தது. முதலாளி கத்தித் தீர்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை விட்டெறிந்தார், ஊருக்குத் தொலை என்று. கொத்தனார் அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெச்சிடறேன் என்று சொன்னது, வரவில்லை என்று சொன்ன மாதிரிதான். சொன்னதை மாற்றிப் பழக்கமில்லை.

"இப்பதான் மாப்ள உனக்கு இந்த ஊரு ஒத்துக்கிச்சு" என்றான் மச்சான்.

"அந்தக் கரண்டிய எடு" என்றார் கொத்தனார். தன் தடத்தைத் தானே பூசி மூடினார். முதலாளி மற்ற ஆட்களோடு அவரையும் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாரையும் போல அவருக்கும் வருடத்துக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது.