கடலில் விட்ட பெருமாள்

1

இந்தக் கதை நான் கட்டியதல்ல, கேட்டது. தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு போகிற பேருந்தில் முன் இருக்கையில் இருந்த ஞானசௌந்தரி என்ற அம்மாள் திரும்பித் திரும்பி என்னிடம் சொன்னது. அவருடைய அப்பா மரியான், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்மரத் தோணியில் தண்டல்.* இவ்வளவு கையில் இருந்தும் தொடக்கம் அமையவில்லை.

கடல் அன்று மதம் பிடித்த யானையைப் போல

(இதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், எப்படித் தடுமாறினேன் என்று தெரியட்டும். கடலில் பிழைத்து வந்தவர்கள் யானையைப் பற்றிப் பேசுவதில்லை.)

* தண்டல்: தோணியின் தலைவர். கடலில் அவர் சொன்னதுதான் சட்டம்.

2

முப்பதுகளில் ஒரு மாசி மாதம். கொழும்பில் நம் பக்கத்து வியாபாரிகள் பெருமாளுக்குக் கோவில் கட்டி முடித்திருந்தார்கள். மூலவர் சிலை மரியானின் தோணியில் ஏறியது. ஆள் உயரக் கருங்கல். கூடவே ஆழ்வார்திருநகரி அர்ச்சகர் ஆராவமுதன். கடல் தாண்டினால் ஆசாரம் போய்விடும் என்று வீட்டில் அழுதார்கள். பெருமாளைத் தனியே அனுப்ப மனம் வராமல் இவர் ஏறிவிட்டார்.

தோணியில் மற்ற எல்லாரும் கத்தோலிக்கர்கள். அவர்கள் ஒரு முனையில் ஜெபமாலை சொல்ல, இவர் சிலைக்குத் துளசி சாத்திப் பழம் படைத்தார். பிறகு பழத்தை அவர்களிடம் நீட்டினார். தின்னலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத் தின்றார்களாம். இதைச் சொல்லும்போது ஞானசௌந்தரி சிரித்தார்.

3

மறுநாள் மத்தியானம் பருவம் தப்பிய காற்று. பெரிய பாய் கிழிந்தது. சிலையைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, கல் ஒரு பக்கமாகச் சரிந்தது. தோணியும் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் உள்ளே வந்தது. கல்லை நடுவுக்கு இழுத்துப் பார்த்தார்கள். நகரவில்லை. வெளியே தள்ளத்தான் முடியும். எல்லாருக்கும் அது தெரிந்தது. மரியான் நெம்புகட்டையைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தார்.

சொன்னவர் ஆராவமுதன். "தள்ளுங்கோ."

"எங்க மாதா சுரூபமா இருந்தா தள்ளுவனா சாமி? உங்க சாமின்னா மட்டும் தள்ளிறணுமா?" என்றார் மரியான்.

"உங்க மாதா, பிள்ளைகள் முழுகறதைப் பார்த்துண்டு நிப்பாளா? அவளே முதல்ல குதிச்சிருப்பா. இவரும் அப்படித்தான்."

ஆராவமுதன் நெம்புகட்டையை எடுத்து ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். மரியான் மறுமுனையைப் பிடித்தார்.

4

(இங்கே நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். அந்தச் சிலைக்கு இன்னும் கண் திறக்கவில்லை, பிரதிஷ்டை ஆகவில்லை. சாஸ்திரப்படி அது வெறும் கல். என் முதல் பிரதியில் ஆராவமுதன் அதைச் சொல்லித்தான் மரியானைச் சம்மதிக்க வைத்தார். நல்ல வாதம், யாருக்கும் பாவமில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். தப்பிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. அவர் அதில் போகவில்லை. கல் என்று சொல்லித் தள்ளியிருந்தால் போனது கல்லாக இருந்திருக்கும். பெருமாள் என்று தெரிந்தே தள்ளினார்.)

கல் போனதும் தோணி உதறிக்கொண்டு நிமிர்ந்தது. உயிரோடு இருக்கிறோம் என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆராவமுதன் வாய்விட்டு அழுதார். மரியான் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய நனைந்த முதுகைத் தடவிக்கொடுத்தார். அதற்கு அடுத்த வருஷம்தான் ஞானசௌந்தரி பிறந்தார்.

5

கொழும்புத் துறையில் மேளமும் நாகசுரமுமாகக் கூட்டம் காத்திருந்தது. கோவில் கட்டிய வியாபாரிகளில் மூத்தவர் மதுசூதனன் கையில் பெரிய மாலை.

கரை நெருங்கும்போது மரியான் மெதுவாகச் சொன்னார்: "கயிறு அறுந்து தானா விழுந்துட்டுன்னு சொல்லிருவோம் சாமி. நாங்க அத்தன பேரும் சத்தியம் பண்ணுதோம்."

ஆராவமுதன் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு முதலில் இறங்கினார். நேரே மதுசூதனன் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் தள்ளச் சொன்னேன். நானும் சேர்ந்துதான் தள்ளினேன். இவா எல்லாரும் உயிரோட வந்திருக்கா."

6

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், யாரோ வீசிய வலையில் பெருமாள் அகப்படுகிறார். அடித்துவிட்டேன். சிலை திரும்பி வந்தால்தான் அவர் செய்தது சரி என்று ஆகிவிடும். வராமலே அது சரிதான்.

இன்னொன்றில், மதுசூதனன் அந்த மாலையை அர்ச்சகர் கழுத்திலேயே போடுகிறார். நான் அறிந்த வரையில் ஆராவமுதன் அதை வாங்கிக்கொள்ள

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இந்த இடத்தில் ஆத்தூர் வந்துவிட்டது. ஞானசௌந்தரி பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் ஜன்னல் வழியே குனிந்து, மாலையை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வண்டி நகர்ந்தது. அவர் கூடவே நடந்துவந்தார்.

"அது தெரியாது தம்பி. ஆனா மேளத்தை நிறுத்தலயாம். தோணியிலருந்து ஒவ்வொரு ஆளா இறங்க இறங்க, இன்னும் பலமா அடிச்சாவளாம். அப்பா சாவுற வரைக்கும் அதத்தான் சொல்லுவாவ."

மாலை மதுசூதனன் கையில்தான் இருக்கிறது. அதை யாருக்குப் போடுவது என்பதை உங்களிடம் விடுகிறேன். எனக்கு மேளம் போதும்.